புதுப்பிப்பு: மூன்று வயதுக்கு வண்டிப் பாட்டுப் புத்தகம் கிடைத்தது

மகளுக்கு பஸ், லாரி, ரயில் பற்றிச் சந்தத்தோடு வரும் தமிழ்ப் படப் புத்தகம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் மதுரை புது நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகம் போனோம். குழந்தைகள் பிரிவில் ஆசையாகப் புரட்டினாள். ஆனால் வீட்டில் தினமும் படிக்கக் கைகொடுத்தது நீங்கள் சொன்ன ஸ்டோரிவீவர் யோசனைதான். அது பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் சிறுவர் கதை இணையதளம். அதில் தமிழ், வாசிப்பு நிலை 1 என்று தேர்ந்தெடுங்கள். இலவசமாக இறக்கி அச்சிடலாம்.

எதிர்பாராத ஒன்று: நான் இறக்கிய மொழிபெயர்ப்புகளில் சந்தம் இல்லை, வெறும் வசனம். படைத்தவர் பெயரைக் குறிப்பிட்டால் வரிகளை மாற்ற உரிமம் இடம் தருகிறது. அதனால் நாங்களே எழுதி ஒட்டினோம்:

"மாட்டுத்தாவணி பஸ் வருது,
மழையில நனைஞ்சு மெல்ல வருது."

இரண்டாவது 'வருது'வை என்னைச் சொல்லவே விடமாட்டாள். சக்கரத்தில் விரலை வைத்துக்கொண்டு அவளே கத்துவாள். அப்புறம், கெட்டித் தாளில் அச்சிடுங்கள். சாதாத் தாள் சீக்கிரம் கிழிந்துவிடுகிறது.