விளையாட்டு நன்கொடை ஒப்பந்தத்தின் நகலை வாங்குவது எப்படி?

வணக்கம். அமெரிக்காவில் ஒரு சின்னப் பல்கலைக்கழக ஊரில் இருக்கிறேன். மகள் இங்குள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. போன மார்ச்சில் அதன் விளையாட்டு அறக்கட்டளைக்கு ஒரு தொழிலதிபர் பெருந்தொகை கொடுத்தார். என்ன நிபந்தனையில் என்று யாரும் சொல்வதில்லை. உள்ளூர் நாளிதழ் புது மைதானத்தின் படத்தை அரைப் பக்கத்துக்குப் போட்டதோடு சரி, ஒரு கேள்வி கேட்கவில்லை.

மே மாதம் பொது ஆவணச் சட்டப்படி பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தேன். அறக்கட்டளை தனி அமைப்பு என்று மூன்று வாரத்தில் மறுத்துவிட்டார்கள். அறக்கட்டளையும் தர முடியாது என்றது. அப்புறம் அதன் 990 வரிப் படிவத்தை, அதாவது வரிவிலக்கு பெற்ற அமைப்புகள் ஆண்டுதோறும் வரித்துறைக்குக் கொடுக்கும் கணக்கை, எடுத்துப் பார்த்தேன். பொதுப் பிரதியில் கொடையாளர் பெயர் இல்லை. ஆனால் ஏழாம் பகுதியில், நிர்வாகக் குழுப் பட்டியலில், அந்த நாளிதழ் உரிமையாளரின் பெயர் இருக்கிறது! ஆசிரியருக்கு இரண்டு கடிதம் போட்டேன், பதிலே இல்லை.

இதை விட மனம் வரவில்லை. 2005 டிசம்பரில் எண்ணெய்த் தொழிலதிபர் பூன் பிக்கன்ஸ் ஒக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழக விளையாட்டுக்குக் கொடுத்த 16.5 கோடி டாலர், ஒரு மணி நேரத்துக்குள் அவருடைய முதலீட்டு நிதிக்கே போய்ச் சேர்ந்தது. பணத்தை வாங்கிய அறக்கட்டளையின் குழுவில் அவரும் இருந்தார். பத்திரிகை எழுதியதால் அது ஊருக்குத் தெரிந்தது. இங்கே எழுத வேண்டிய பத்திரிகையே அந்தக் குழுவில் உட்கார்ந்திருக்கிறது.

அறக்கட்டளை மறுத்த பிறகு, பல்கலைக்கழகத்திடமிருந்தே இப்படி ஓர் ஒப்பந்தத்தை வாங்கியவர்கள் விண்ணப்பத்தில் எந்த ஆவணத்தை, என்ன வார்த்தைகளில் கேட்டீர்கள்?