சம்பளச் சிட்டை இல்லாமல் திருகோணமலையில் வாடகை வீடு எடுப்பது எப்படி?

கடலோரத்தாள்: நகரத்துக்குள் வாடகை வீடு தேடுகிறேன். கேட்ட இடமெல்லாம் சம்பளச் சிட்டையைக் கேட்கிறார்கள். வீட்டிலிருந்து தையல் வேலை செய்யும் எனக்கு அது எங்கிருந்து வரும்? வங்கியில் போதிய பணம் இருக்கிறது. உவர்மலையில் ஓர் அம்மா என் வைப்புச் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் காசை நாளைக்கே நீங்கள் எடுத்துவிடலாம், பிள்ளை" என்று கையிலேயே திருப்பித் தந்துவிட்டார். தயவுசெய்து விரைவாக ஒரு வழி சொல்லுங்கள்.

உப்புவெளியான்: எத்தனை பேர் குடியிருக்கப் போகிறீர்கள், தங்கச்சி? வாடகை எவ்வளவு வரை கட்டுப்படியாகும்? வைப்புக்கு வட்டி மாதா மாதம் வருகிறதா, முதிர்வில் மொத்தமாக வருகிறதா?

பாலையூற்றான்: வாடகையை விடுங்கள், ஒற்றிக்கு எடுங்கள். மொத்தத் தொகையைக் கொடுத்துவிட்டுக் குடியிருந்து, வெளியேறும்போது அதையே திருப்பி வாங்கலாம். உங்கள் மாத வருமானத்தை ஒருவரும் விசாரிக்கமாட்டார்கள்.

பழைய உறுப்பினர்: இதை நான் இங்கே பலமுறை விளக்கியிருக்கிறேன், தேடிப் படித்துவிட்டுக் கேட்பது நல்ல பழக்கம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், குறைந்தது இரண்டு சாட்சிகளோடு கையொப்பமிடப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. இந்த அடிப்படை தெரியாதவர்கள் ஒற்றியைப் பற்றி ஆலோசனை சொல்ல வரக் கூடாது.

பாலையூற்றான்: ஐயா, ஒற்றியும் நொத்தாரிசு உறுதிப்பத்திரமாகத்தான் எழுதப்படுகிறது, காணிப் பதிவகத்தில் பதிந்துவிட்டால் பயப்பட என்ன இருக்கிறது?

நிலாவெளி வாசகி: காணி யாருடையது என்பதில்தான் பயம் இருக்கிறது. நம் மாவட்டத்தில் ஏராளமான வீடுகள் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு வழங்கிய அனுமதிப்பத்திரக் காணிகளில் நிற்கின்றன. அவற்றை வைத்திருப்பவர் தம் விருப்பப்படி ஒற்றி வைக்க முடியாது. கையிலுள்ள சேமிப்பு முழுவதையும் அப்படிப்பட்ட வீட்டில் போட்டுவிட்டு, பிறகு பிரதேச செயலகத்துக்கு அலையும் நிலை இந்தத் தங்கச்சிக்கு வர வேண்டாம்.

பாலையூற்றான்: எல்லாக் காணியும் அனுமதிப்பத்திரக் காணி அல்லவே! உறுதியைப் பார்த்து எடுக்கலாம்.

பழைய உறுப்பினர்: உறுதியை வாசிக்கத் தெரிந்தவர்கள் பார்க்க வேண்டும்.

கடலோரத்தாள்: அம்மா, மகள், நான் மூவர்தான். நிலையான வைப்பு, வட்டி முதிர்வில் வருகிறது. ஒற்றிக்கு முழுப் பணத்தையும் கொடுக்க மனமில்லை.

உப்புவெளியான்: அப்படியானால் புதுப்பிக்கும்போது மாதாந்த வட்டிக்கு மாற்றுங்கள். வைப்பில் கிடக்கும் தொகையைவிட, மாதந்தோறும் கணக்கில் வந்து விழும் வட்டியையும் தையல் காசையும் காட்டும் கணக்குக் கூற்றுத்தான் வீட்டுக்காரரின் மனத்தைத் தொடும், ஏனெனில் அவருடைய கவலை அடுத்த மாத வாடகையைப் பற்றியது. 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 சதவீதம் வரியாகப் பிடிக்கிறார்கள். ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். ஆறு மாத வாடகையை முன்கூட்டித் தரச் சம்மதம் என்று சொல்லிப் பாருங்கள். ஆனால் இடையில் வெளியேறினால் மீதி திரும்ப வேண்டும் என்பதை உடன்படிக்கையில் எழுதுவியுங்கள். அரச உத்தியோகத்திலுள்ள உறவினர் ஒருவர் பிணை நிற்பாரென்றால் இன்னும் நல்லது.

கடலோரத்தாள்: அன்புவழிபுரத்தில் ஒரு வீடு சரிவந்திருக்கிறது. ஆறு மாத முற்பணத்துக்கு உடன்பட்டார்கள். ஆசிரியரான மச்சாள் பிணை நிற்கிறார். அனைவருக்கும் நன்றி.

நிலாவெளி வாசகி: முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்கினீர்களா? உடன்படிக்கை நொத்தாரிசிடம்தானே எழுதப்படுகிறது?