பொருள்: பெர்மாஃப்ராஸ்ட்டுக்குச் சொல் வேண்டும் (வெள்ளிக்குள்)

நண்பர்களே,
பள்ளித் துணைப்பாடம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். தொடர்ந்து 2 ஆண்டுகளாவது 0 டிகிரி செல்சியஸைத் தாண்டாத நிலம்தான் பெர்மாஃப்ராஸ்ட். ‘நிரந்தர உறைபனி’ என்று எழுதினால் பாடத்தோடே முட்டுகிறது. 2007 முதல் 2016 வரை உலகெங்கும் ஆழ்துளைகளில் அளந்ததில் அது சராசரியாக 0.29 டிகிரி சூடேறியிருக்கிறது. அப்புறம் எங்கே நிரந்தரம்?
– த.

> எங்கே நிரந்தரம்?

‘உறைநிலம்’ போதும் அம்மா. வினைத்தொகை, உறைந்த, உறைகின்ற, உறையும் நிலம் என மூன்று காலமும் அதற்குள் அடக்கம். உறைதல் என்றால் தங்குதலும்தான். ‘வானுறையும் தெய்வத்துள்’ என்கிறது குறள். ஆக, குளிர் குடியிருக்கும் நிலம். தயிருக்கு ஊற்றும் உறையும் இதே வேர். உறையூரும் இதிலிருந்து வந்ததே என்பது என் துணிபு. அதைத் தனி மடலில் விரிக்கிறேன்.
– புலவர் க.

> மூன்று காலமும் அடக்கம்

ஐயா, அதுதான் சிக்கலே. குளிர்காலத்தில் உறைந்து கோடையில் இளகும் மேலடுக்கும் உங்கள் கணக்கில் உறைநிலம் ஆகிவிடும். அதைப் பிரித்துக் காட்டத்தானே இந்தச் சொல்! தவிர, பெர்மாஃப்ராஸ்ட் ஆவதற்கு நீர் இருந்தாக வேண்டும் என்பதே இல்லை. நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டின் யான்சன்ஹௌகனில் 1998-இல் போட்ட 102 மீட்டர் துளை மணற்பாறைக்குள் இறங்குகிறது. அந்தப் பாறையும் பெர்மாஃப்ராஸ்ட்தான். வரையறை முழுக்க வெப்பநிலையை வைத்தே. ‘நெடுங்குளிர்நிலம்’ என்பேன்.
– செ., புவியியல் துறை

வகுப்பெடுப்பவன் என்ற முறையில் ஒன்று. பனிக்கட்டி நிறைந்த இடங்களில், வருகிற வெப்பமெல்லாம் அதை உருக்கவே செலவாகிவிடும். துளைக்குள் வெப்பநிலையை அளக்கும் தெர்மிஸ்டர் காட்டும் எண் அசையாது. இதை எழுதிப் பாருங்கள்: ‘உறைநிலத்தின் வெப்பநிலை உறைநிலைக்குச் சற்றுக் கீழே நிலைத்து நிற்கும்.’ எந்த மாணவருக்குப் புரியும்? பாடத்தின் உயிரான இடமே இதுதான். எண் அசையவில்லை என்பதால் நிலம் நலமாக இருக்கிறது என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. தெர்மிஸ்டரை அப்படியே விட்டோமே, பெர்மாஃப்ராஸ்ட்டையும் விடுவோம்.
– இரா.

> அப்படியே விடுவோம்

இப்படி விட்டுவிட்டுத்தான் பாடநூலில் வினைமுற்று மட்டும் தமிழாக நிற்கிறது.
– புலவர் க.

சரி, எல்லோருக்கும் நன்றி. ‘உறைநிலம்’ என்றே வைத்துக்கொள்கிறேன். இரா. காட்டிய வாக்கியத்தில் மட்டும் ‘உறைநிலை’யை எடுத்துவிட்டு ‘0 டிகிரி’ என்றே போடுகிறேன். மேலடுக்குக்கு ‘இளகடுக்கு’. முதலில் வருமிடத்தில் பெர்மாஃப்ராஸ்ட்டையும் சேர்த்துக்கொள்கிறேன். நாளை அனுப்ப வேண்டும்.
– த.

அனுப்புங்கள் அம்மா, தடுக்கவில்லை. ஆனால் என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். கடலோர ஆர்க்டிக்கில் உப்பேறிய மண் 0-க்குக் கீழேயும் உறையாமல் கிடக்கும், அதுவும் பெர்மாஃப்ராஸ்ட்டே. உறையாத மண்ணை உறைநிலம் என்று எப்படிச் சொல்லிக்கொடுப்பீர்கள்?
– செ.