மலையிலிருந்து இறங்கிய பயணம் குலைந்த நாளில் நீங்கள் எதிர்பாராமல் பார்த்த விமானம் எது?

குன்னூர் ஜன்னலோரம்:

பர்லியாறு அருகே மண்சரிவு, கோத்தகிரி வழியாகச் சுற்றல், கோவைக்கு வந்தால் சென்னை விமானம் போய்விட்டது. நம் ஊர்க்காரர்களுக்குப் பழகிய கதைதான். கவுன்டரில் கெஞ்சியதில் பெங்களூரு வழியாக மாற்றிக் கொடுத்தார்கள். ஏ320 ஜெட் என்று நினைத்திருந்தேன். பஸ் போய் நின்றது ஏடிஆர் 72 என்ற சிறிய விசிறி விமானத்தின் பக்கத்தில். பதினைந்து வருடமாக மொட்டைமாடியில் நின்று விமானம் பார்க்கிறவன், அதில் ஏறியதே இல்லை. வால் பக்கக் கதவு, வலப்பக்க ஜன்னல்.

எஞ்சின் சத்தம் காதை அடைக்கிறது. ஆறு இதழ் விசிறியோ அசையாமல் நிற்கிறது, அதன் நுனியில் மழைத்துளி சொட்டுகிறது. ஹோட்டல் மோட்! தரையில் நிற்கும்போது மின்சாரமும் குளிர்காற்றும் தர ஏடிஆரில் தனிச் சிற்றெஞ்சின் கிடையாது. அதனால் வலது எஞ்சினை ஓடவிட்டு விசிறிக்கு மட்டும் பிரேக் போட்டுவிடுவார்கள்.

"தம்பி, அந்த விசிறி சுற்றவில்லையே, கோளாறா?" என்றார் பக்கத்து இருக்கைப் பெரியவர். அவர் பக்கம் திரும்பி, கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். முடித்துவிட்டுப் பார்த்தால் வெளியே விசிறியைக் காணோம், சாம்பல் நிற வட்டம்தான். பிரேக் விட்ட அந்த முதல் சுற்று போயே போயிற்று. இரண்டு வருடமாகியும் ஆறவில்லை.

தேயிலைக்காரன்:

டிக்கெட் வாங்கினால் ஏறக்கூடியதை எதிர்பாராத விமானம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். 2024 மார்ச், குன்னூர் காட்டுத்தீ. விமானம் பிடிக்க ஓடியவன் வண்டியை ஓரங்கட்டி நின்றுவிட்டேன். மேலே விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர், அதன் அடியில் கயிற்றில் தொங்கும் பாம்பி பக்கெட், தீயணைக்கத் தண்ணீர் அள்ளிவரும் பெரிய வாளி. தண்ணீர் அருவியாக விழும் என்று நினைத்தேன். ஈரவேட்டியை உதறியதுபோல் விரிந்து புகைக்குள் போனது. 16,000 லிட்டருக்கு மேல் கொட்டினார்கள் என்று பிறகு செய்தியில் படித்தேன். என் டிக்கெட் பணமும் அதோடு சேர்த்தி.

கொடைச் சாரல்:

ஹெலிகாப்டரை விமானக் கணக்கில் சேர்ப்பதா? சரி, விடுங்கள். கொடைக்கானலிலிருந்து பழனி வழியாகக் கோவை போகும்போது சூலூரில் டயர் பஞ்சர். தலைக்கு மேல் தேஜஸ் போர் விமானம், வாலில் கிடைச்சிறகு இல்லாத முக்கோணம். அவ்வளவுதான் என் கதை.

சொல்ல வந்தது வேறு. ஐப்பசி, கார்த்திகையில் காலை விமானத்துக்கு அன்றைக்கே மலையிறங்குவது அசட்டுத்துணிச்சல். முந்தைய நாளே மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ வந்து தங்கிவிடுங்கள். மலை ரயிலை நம்பாதீர்கள், மழை வலுத்தால் முதலில் நிற்பது அதுதான். கோடை சீசன் என்றால், ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதையாக்கிவிடுவார்கள். அதற்கும் நேரம் ஒதுக்குங்கள். வளைவுகளில் வாந்தி வருமென்றால் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். போனை முழுதாகச் சார்ஜ் செய்துகொள்ளுங்கள்.

குன்னூர் ஜன்னலோரம்:

அறிவுரை யார் கேட்டது ஐயா? போனில் சார்ஜ் நிறையவே இருந்தது. பெங்களூருவில் இறங்கியதும் விசிறி நிற்பதையாவது படமெடுக்கலாம் என்று கேமராவைத் திறந்துகொண்டிருந்தேன். பெரியவர் என் தோளைத் தட்டி, "தம்பி, பிரேக் போட்டுவிட்டார்கள், பார்த்தீர்களா?" என்றார்.