மறு: ‘திருப்பு விசை’க்கு மாற்றாகத் ‘திருக்கம்’

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

திருவாரூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் முதலாண்டு இயற்பியல் நடத்துகிறேன். ஒரு பொருளை அச்சைச் சுற்றித் திருப்பும் விளைவுக்கு (ஆங்கிலத்தில் torque, டார்க்) பாடநூல் தரும் ‘திருப்பு விசை’ என்ற பெயரைத் ‘திருக்கம்’ என்று மாற்றலாமா என்று போன வாரம் நான் கேட்டதற்கு இத்தனை மடல்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. தனித்தனியே பதில் எழுத முடியவில்லை. மேசையில் விடைத்தாள் கட்டு கிடக்கிறது. என் வாதத்துக்குக் காரணமே அந்தக் கட்டுதான்.

அதில் ஒரு கணக்கு: அச்சிலிருந்து 20 செ.மீ. தள்ளி, ஆரத்துக்குச் செங்குத்தாக 30 நியூட்டன் விசை. விடை 6 நியூட்டன் மீட்டர். பெருக்கலில் யாரும் தவறவில்லை. ஆனால் பாதிப் பேர் ‘6 நியூட்டன்’ என்று எழுதி நிறுத்திவிட்டார்கள். பெயரிலேயே விசை இருக்கும்போது அலகும் விசையின் அலகுதானே என்று நினைத்திருக்கிறார்கள். குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு பையன் அதையே ‘திருப்புத்திறன்’ என்று குறிப்பிட்டு, அலகை வாட் என்று போட்டிருந்தான். திறன் என்றால் வாட் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாம்தான். விசை, திறன் இரண்டும் ஏற்கெனவே குடியேறிவிட்ட சொற்கள். குடியிருக்கும் வீட்டை இன்னொருவருக்கும் வாடகைக்கு விட்டால் சண்டைதான் வரும்.

> டார்க் என்றே தமிழில் எழுதிவிட்டால் என்ன? உலகமே அப்படித்தானே சொல்கிறது?

எழுதலாம். ஆனால் நம் எழுத்தில் ‘டார்க்’ என்பது இருட்டையும் குறிக்கிறதே! ‘டார்க் மேட்டர்’ பற்றிச் செய்தித்தாளில் படித்துவிட்டு, அதற்கும் சுழற்சிப் பாடத்துக்கும் என்ன தொடர்பு என்று ஒரு மாணவி கேட்டாள். தவிர, அந்த ஆங்கிலச் சொல்லும் ஆதியிலிருந்து வந்ததல்ல. 1884இல் ஜேம்ஸ் தாம்சன் என்ற பொறியாளர், இயற்பியலாளர் கெல்வின் பிரபுவின் அண்ணன், முறுக்குதலைக் குறிக்கும் லத்தீன் வேர்ச்சொல்லிலிருந்து எடுத்துத் தந்தது. கோணத்தை அளக்கும் அலகான ரேடியன் என்ற சொல்லை 1873இல் தேர்வுத்தாளிலேயே அச்சேற்றியவரும் அவர்தான். வினாத்தாள் தயாரிப்பவனுக்கு அப்படி ஓர் உரிமை உண்டு என்பதை நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

> இலங்கையில் முறுக்கம் என்கிறார்களே, அதையே எடுத்துக்கொள்ளலாமே?

எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. தயக்கம் ஒன்றே ஒன்று. முதலாண்டு ஆய்வகத்தில் முறுக்கு ஊசல் இருக்கிறது, கம்பியில் தொங்கி இருபுறமும் முறுக்கி ஆடுவது. கம்பி முறுக்கிக்கொள்வதும் அதைப் பழைய நிலைக்குத் திருப்பும் மீள்விப்பும் ஒரே பக்கத்தில் வருகின்றன. ‘முறுக்கத்துக்கு நேர்த்தகவில் முறுக்கம்’ என்று எழுத நேர்ந்தால் எனக்கே தலை சுற்றும். கயிற்றை முறுக்கினால் கயிறு வடிவம் மாறுகிறது. கதவைத் திறந்தால் கதவு அப்படியேதான் இருக்கிறது, திரும்புகிறது. முதலாவதற்கு முறுக்கு இருக்கட்டும். (காதைத் திருகினால் காதும்தான் உருமாறும் என்று எழுதிய தஞ்சாவூர் ஐயாவுக்கு: ஒப்புக்கொள்கிறேன், அனுபவம் உண்டு.)

என் சொல் ‘திருக்கம்’. பெருகு பெருக்கம் ஆகிறது, இறுகு இறுக்கம் ஆகிறது, உருகு உருக்கம் ஆகிறது. அதே வழியில் திருகு திருக்கம். இந்தப் பகுதியில் மதகு ஷட்டரை உயர்த்தும் லஸ்கர் (பாசனப் பணியாளர்) செய்வதும் திருகுவதுதான். மரை துருப்பிடித்து இறுகிவிட்டால் கைப்பிடியில் நீளமான இரும்புக் குழாயைச் செருகிக்கொள்வார். அவர் பலம் கூடவில்லை, திருக்கம் கூடுகிறது.

இந்தச் சொல் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்கிறேன். சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பு ஈரவயலில் உளுந்து தெளிப்பது நம் பக்கத்து வழக்கம். அந்த உளுந்தை உடைக்கும் திருகை ஒன்றை மாணவி ஒருத்தி வீட்டிலிருந்து எடுத்துவந்தாள். இரண்டு பையன்கள் மூச்சுவாங்கத் தூக்கி வந்து மேசைமேல் வைத்தார்கள். மேற்கல்லின் ஓரத்துக் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றச் சொன்னேன், கடகடவென்று சுற்றியது. கைப்பிடியை விட்டுவிட்டு, நடுவில் தானியம் போடும் குழியின் விளிம்பில் விரல்களை வைத்துச் சுற்றச் சொன்னேன். அந்தப் பெண்ணின் நகம் வெளுத்தது, கல் முனகியதோடு சரி. பிறகு கைப்பிடியை அச்சை நோக்கி நேராகத் தள்ளச் சொன்னேன். முழுப் பலத்தோடு தள்ளினாள். கல் அசையவே இல்லை, வகுப்பு சிரித்தது. விசை, அச்சிலிருந்து தொலைவு, தள்ளும் கோணம் மூன்றும் சேர்ந்த ஒன்றுக்குத்தான் பெயர் தேடுகிறோம் என்று அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. ‘திருகையைத் திருகுவது திருக்கம்’ என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. யார் என்று பார்க்கவில்லை.

திறன் வேறு, திருக்கம் வேறு என்று காட்டவும் அங்கேயே வழி கிடைத்தது. மாறாத 6 நியூட்டன் மீட்டர் திருக்கத்தில் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 38 ஜூல் வேலை. இரண்டு நொடியில் ஒரு சுற்று என்றால் திறன் 19 வாட். மெதுவாகச் சுற்றினால் வாட் குறையும், திருக்கம் குறைய வேண்டியதில்லை.

> திருக்கம் என்றதும் திருக்கை மீன்தான் ஞாபகம் வருகிறது.

நாகப்பட்டினத்துக்காரர் சொன்னால் வாதாட முடியாது. சிரித்துக்கொண்டாவது நினைவில் வைத்தால் லாபம் எனக்கு.

> பாடநூலில் அச்சாகிவிட்டது. இப்போது மாற்றினால் பிள்ளைகளுக்குத்தான் குழப்பம்.

இதுதான் கனமான எதிர்ப்பு. என்னிடம் முழுப் பதில் இல்லை. அதனால் கையை ஓரளவு சுருக்கிக்கொள்கிறேன். நிலைமத் திருப்புத்திறன் (moment of inertia), இருமுனைத் திருப்புத்திறன் (dipole moment) ஆகியவற்றை நான் தொடப் போவதில்லை. திறன் என்ற உறுத்தல் அங்கும் உண்டு. ஆனால் அது பெரிய குடும்பம், ஒன்றை அசைத்தால் பத்து அசையும். திருப்பு விசை ஒன்றை மட்டும் கேட்கிறேன். வரும் பருவத்தில் குறிப்புகளிலும் வினாத்தாளிலும் ‘திருக்கம் (திருப்பு விசை)’ என்று இரண்டையும் போடுகிறேன். பழைய சொல்லை எழுதினாலும் மதிப்பெண் உண்டு. அலகு தவறினால் மட்டும் கிடையாது.

இரண்டு வாக்கியங்களை எழுதிப் பார்த்திருக்கிறேன், காது கொடுத்துச் சொல்லுங்கள்: ‘புறத்திருக்கம் சுழி எனில் கோண உந்தம் மாறாது.’ ‘சீரான காந்தப்புலத்தில் உள்ள மின்னோட்டச் சுருளின் மீது ஒரு திருக்கம் செயல்படுகிறது.’ முதலாவது எனக்கு நன்றாக ஒலிக்கிறது. இரண்டாவதில் ‘ஒரு’ வேண்டுமா என்று தெரியவில்லை.

பி.கு.: திருகை இன்னும் ஆய்வகத்தில்தான் கிடக்கிறது. உளுந்து களத்துக்கு வருவதற்குள் வீடு வந்து சேர வேண்டும் என்று அந்தப் பெண்ணின் பாட்டி சொல்லியனுப்பியிருக்கிறார்.