மும்பை சீரோ சர்வே: 57 விழுக்காட்டை நகரம் முழுவதற்கும் பெருக்கலாமா?

கோலிவாடாக்காரர்:

வணக்கம். 2020 ஜூலையில் மும்பையின் மூன்று வார்டுகளில் 'சீரோ சர்வே' என்று இரத்தம் எடுத்துப் பார்த்தபோது, குடிசைப் பகுதிகளில் 57 விழுக்காட்டினருக்கும் மற்றக் குடியிருப்புகளில் 16 விழுக்காட்டினருக்கும் கொரோனா எதிர்ப்பொருள் (தொற்று வந்தவரின் உடம்பு அதற்கு எதிராக உண்டாக்கும் பொருள்) இருந்ததாக மாநகராட்சி அறிவித்தது. அவற்றில் ஒன்றான எஃப் வடக்கு வார்டில்தான் எங்கள் சயான் கோலிவாடா இருக்கிறது. சந்து முனையில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு என் கையிலும் ஊசி குத்தினார்கள்.

இப்போது கல்லூரியில் புள்ளியியல் படிக்கும் என் மகள், அந்த இரண்டு எண்களின் சராசரியை 2011 கணக்கெடுப்பின் 1.24 கோடியால் பெருக்கி, ஏறத்தாழ 45 லட்சம் பேருக்குத் தொற்று வந்து போயிருக்கும் என்று எழுதியிருக்கிறாள். அந்த ஜூலையில் நகரில் உறுதியான தொற்றுகளோ ஒரு லட்சத்தை ஒட்டித்தான் இருந்தன. இவ்வளவு பெரிய வித்தியாசத்தை நம்பவும் முடியவில்லை, பிழை எங்கே என்று காட்டவும் எனக்குத் தெரியவில்லை. இன்னொன்று: அந்த ஆண்டு மே மாதம் ஒரு வாரம் ரசத்தின் வாசனையே தெரியாமல் கிடந்த நான், செப்டம்பரில் காசு கொடுத்துச் சோதித்தபோது எதிர்ப்பொருள் இல்லை என்று வந்தது. என்னையும் அந்தக் கணக்கில் எங்கே சேர்ப்பது?

எண்ணுவோன்:

வித்தியாசம் பெரிதாக இருப்பது பிழையே அல்ல. மூக்கிலிருந்து எடுக்கும் சோதனை, உடம்பில் வைரஸ் இருக்கும் சில நாட்களில் சோதனைக்கு வந்தவரை மட்டுமே கண்டுபிடிக்கும். அறிகுறியே இல்லாதவரும், இரண்டு நாள் காய்ச்சலுக்குக் கஷாயம் குடித்துவிட்டு வேலைக்குப் போனவரும் அந்த ஒரு லட்சத்தில் இல்லை. பொதுக் கழிப்பறையைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் 57 என்பது எனக்கு வியப்பாகவும் இல்லை.

பிழை சராசரியில் இருக்கிறது. 57-ஐயும் 16-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால், நகரில் பாதிப்பேர் குடிசைப் பகுதியில் வாழ்கிறார்கள் என்று சொல்லாமல் சொன்னதாகிறது. 2011 கணக்கெடுப்பின்படி அது சுமார் 42 விழுக்காடு. அந்த எடையைக் கொடுத்தால் 33 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 41 லட்சம் வரும். மாறாக, இரத்தம் கொடுத்த எல்லோரையும் ஒரே குவியலாக எண்ணினால், குடிசைப் பகுதியில் சுமார் 4,200 பேரும் வெளியே சுமார் 2,700 பேரும் இருந்ததால் 41 விழுக்காடு, அதாவது 51 லட்சம் வரும். ஒரே தரவிலிருந்து பத்து லட்சம் பேர் தோன்றுகிறார்கள், மறைகிறார்கள்.

அதிலும் மும்பையின் 24 வார்டுகளில் எஃப் வடக்கு, எம் மேற்கு (செம்பூர்), ஆர் வடக்கு (தஹிசர்) என்ற மூன்றில் மட்டுமே இது எடுக்கப்பட்டது. எல்லோரும் வாய் ஓயாமல் பேசிய தாராவி இருக்கும் ஜி வடக்கு அதில் இல்லை. எனவே 41 லட்சத்தையும் நான் எழுத்தில் கொடுக்க மாட்டேன்.

ஆண்டாப்ஹில் செல்வி:

அந்த ஜூலையில் இரத்தம் எடுக்க வந்த குழுவுக்குத் தமிழில் பேசி உதவ நான் கூடப் போனேன். குடிசைப் பகுதியில் பெரிதாகத் தடை இல்லை, "அரிசி கிடைக்குமா?" என்று கேட்டவர்கள்கூட, இல்லை என்று தெரிந்த பிறகும் கையை நீட்டினார்கள். ஒரு பெரிய கட்டடத்தில் மட்டும் வாட்ச்மேன் இன்டர்காமில் பேசிவிட்டு, "செகரெட்டரி வேண்டாம் என்கிறார்" என்று கேட்டையே திறக்கவில்லை. எதிர்ப்பொருள் இருப்பதாகத் தெரிந்தால் வீட்டை அடைத்துவிடுவார்கள் என்ற பயம்.

8,870 பேரிடம் எடுக்க நினைத்ததில் 6,936 பேரிடமே எடுக்க முடிந்தது என்று அறிவிப்பிலேயே இருந்தது. எனவே அந்த 16 என்பது கதவைத் திறந்தவர்களின் 16 என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். திறக்காதவர்கள் வெளியே போகாமல் ஒதுங்கியே இருந்தவர்களா, ஏற்கெனவே நோய் வந்து மறைத்தவர்களா என்பதைப் பொறுத்து அந்த எண் இரண்டு பக்கமும் நகரும்.

மயூர்விகார்வாசி:

ஐயா, உங்கள் மே மாத ரசத்துக்கு வருகிறேன். மும்பை ஆய்வில் பயன்படுத்திய சோதனை வைரஸின் நியூக்ளியோகேப்சிட் என்ற உட்புறப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடுவது. மாதங்கள் போகப்போக அது சோதனையின் கண்ணுக்கு எட்டாத அளவுக்குக் குறைந்துவிடலாம். ஆகஸ்டில் அதே வார்டுகளில் வேறு ஆட்களிடம் எடுத்த இரண்டாம் சுற்றில் குடிசைப் பகுதி எண் 45 ஆக இறங்கியது, மற்றது 18 ஆனது. ஒருமுறை நோய் வந்தவர் வராதவராக மாற முடியாது. ஆள் மாறியதும் எதிர்ப்பொருள் கரைந்ததும் சேர்ந்துதான் அந்த இறக்கம். செப்டம்பரில் உங்களுக்கு நடந்ததும் அதுவாக இருக்கலாம்.

சோதனையின் பிழையையும் மகள் கணக்கில் எடுக்கட்டும். உண்மையில் நோய் வந்த 100 பேரில் 90 பேரை மட்டும் ஒரு சோதனை பிடிக்குமானால், 57 என்ற எண்ணுக்குப் பின்னால் 63 பேர் இருக்கலாம். தொற்று அரிதாக இருக்கும் ஊரிலோ சிக்கல் தலைகீழ்: 100 பேரில் 3 பேருக்கு 'இருக்கிறது' என்று வந்து, அந்தச் சோதனை நோய் வராதவரில் 2 விழுக்காட்டினரைத் தவறாகக் காட்டுவதாக இருந்தால், மூவரில் இருவர் பொய்.

எங்கள் தில்லியில் 2021 ஜனவரி ஆய்வில் 56 விழுக்காடு என்று வந்தபோது, இனிப் பெரிய அலை வராது என்று நானும் நம்பினேன். ஏப்ரலில் ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு அலைந்தோம். எத்தனை பேருக்கு வந்து போனது என்பதற்கான விடையை, இனி எத்தனை பேருக்கு வராது என்பதற்கான விடையாக நான் படித்துவிட்டேன்.

கோலிவாடாக்காரர்:

மூவருக்கும் நன்றி. நகரம் முழுவதற்கும் பெருக்குவதை விட்டுவிட்டு, மூன்று வார்டுகளுக்குள் குடிசைப் பகுதிக்கும் மற்றதற்கும் தனித்தனியாக எழுதுவதாக மகள் சொல்கிறாள். இரத்தம் கிடைக்காத 1,934 பேரில் ஒருவருக்குமே தொற்று இல்லை என்று வைத்து ஒரு முறை, எல்லோருக்கும் இருந்தது என்று வைத்து ஒரு முறை கணக்குப் போடப் போகிறாளாம். செல்வி அம்மா, கேட்டைத் திறக்காத கட்டடங்கள் மூன்று வார்டுகளிலும் ஒரே அளவில் இருந்தனவா, உங்கள் பக்கம்தான் அதிகமா?

ஆண்டாப்ஹில் செல்வி:

நான் போனது எஃப் வடக்கு மட்டும். செம்பூரிலும் தஹிசரிலும் போனவர்களைக் கேட்டுச் சொல்கிறேன்.