வேங்கை மரச் சன்னல் நிலையிலிருந்து சுவரில் மஞ்சள் வழிகிறது, ஏமாந்துவிட்டேனா?

சாரல்வீடு:
தென்காசிப் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். தேக்கு விலை கட்டுப்படியாகவில்லை, அதனால் வாசலுக்கும் சன்னல்களுக்கும் நாட்டு வேங்கை என்று சொல்லி ஒரு மரக்கடையில் எடுத்தேன். நிலை வைத்து, பூச்சும் பட்டியும் முடிந்த நேரம் பார்த்துச் சாரல் பிடித்துக்கொண்டது. பத்து நாள் விடாமல் நனைந்ததில் மேற்குப் பக்கச் சன்னல் நாலிலும் கீழ்மூலையிலிருந்து வெள்ளைச் சுவரில் மஞ்சளும் பழுப்புமாகக் கோடு இறங்கியிருக்கிறது, மஞ்சள் நீராட்டு நடந்த வீடு மாதிரி. நிலையைச் சுவரோடு பிடிக்கிற ஹோல்டுபாஸ்ட் இரும்புப் பட்டையின் ஆணி இறங்கிய இடத்தில் மரம் நீலக்கறுப்பாகிவிட்டது. கொத்தனார் "சாயம் போட்ட மரம்" என்கிறார், மாமா "உளுத்துப்போகுது" என்கிறார். கதவு செய்கிற ஆசாரியோ, இழைத்தால் நார்நாராகப் பிய்கிறது என்று தினமும் புலம்பல். எனாமல் அடித்து மறைத்துவிடலாமா?

உளிச்சத்தம்:
தம்பி, எனாமல் டப்பாவைத் தொடாதீங்க. நனைந்தால் மஞ்சள் விடுவது வேங்கையின் பிறவிக்குணம். வைரத்திலேயே, அதாவது மரத்தின் கெட்டியான நடுப்பகுதியிலேயே, தண்ணீரில் கரைகிற சாயம் இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் ஆசாரியிடம் ஒரு கைப்பிடி சீவல் வாங்கி, கண்ணாடித் தம்ளரில் நல்ல தண்ணீர் ஊற்றிப் போட்டு வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து வெயிலில், கறுப்புத் துணியைப் பின்னால் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் மஞ்சளாக இருக்கும், ஆனால் வெயில் படுகிற ஓரத்தில் நீலமாக மினுங்கும். கடையில் பூசிய சாயத்துக்கு அந்த நீலம் வராது.

மலையோரம்:
மேலே சொன்ன சோதனை சரி, ஒரு திருத்தம் மட்டும். அந்த நீலம் வேங்கையின் பங்காளி மரங்களிலும் வரும், உதாரணமாகப் படாக் இனங்களில். அதனால் "வேங்கை வகை" என்பது வரைக்கும் உறுதி, நாட்டு வேங்கையா என்பதற்கு எடையும் நிறமும் ரேகையும் பார்க்க வேண்டும். நம்ம வேங்கை பொன்பழுப்பு, நடுநடுவே கருஞ்சிவப்புக் கோடு. நன்றாக உலர்ந்தது கன அடிக்கு 22, 23 கிலோ நிற்கும், தேக்கு 18 கிலோ பக்கம்தான். அந்தமான் படாக் இதைவிடச் சிவப்பு.

சாரல்வீடு:
சரி, நாளைக்கு வெயில் வந்தால் பார்க்கிறேன். அப்புறம் ஆணி சுற்றிக் கறுப்பு?

உளிச்சத்தம்:
மரத்தில் இருக்கிற துவர்ப்புக்கும் ஈர இரும்புக்கும் ஆகாது. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் மை மாதிரிக் கறுக்குமே, அதே கதைதான். உளுப்பு இல்லை. இனிமேல் வெளிப்பக்கம் எது முடுக்கினாலும் பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, அதுவும் முதலில் துளை போட்டுவிட்டு. வேங்கையில் நேராக ஆணி அடித்தால் ஆணி மடங்கும், இல்லை ஓரம் பிளக்கும். உளுப்புக்குப் பயப்பட வேண்டியது வைரத்தைச் சுற்றியிருக்கிற வெளிறின வெள்ளைப் பகுதிக்குத்தான், நிலையில் எங்காவது வெள்ளை விட்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வைரத்தைக் கரையான் அவ்வளவு எளிதாகத் தொடாது.

பிய்கிறதுக்கு வருகிறேன். இதன் நார் ஒரு அடுக்கு இந்தப் பக்கம், அடுத்த அடுக்கு அந்தப் பக்கம் என்று மாறி மாறி ஓடும். பலகையில் விரலை ஓட்டினால் ஒரு பட்டை வழவழ, அடுத்த பட்டை சொரசொர, திருப்பி ஓட்டினால் அதுவே மாறிவிடும். அதனால் எந்தப் பக்கம் இழைத்தாலும் பாதி எதிர்நார்தான். உளியை அடிக்கடி தீட்டி, மெல்லிசாகச் சீவல் வருகிற மாதிரி வைத்து இழைக்கச் சொல்லுங்கள், கடைசிச் சீவலை உடைந்த கண்ணாடியால் சுரண்டி எடுக்கட்டும். நாங்கள் அப்படித்தான் செய்தோம், வயசான ஆசாரிகளுக்குத் தெரியும். தூள் மூக்கைக் கரிக்கும், துணி கட்டிக்கொள்வது நல்லது.

வாசல்படி:
எங்கள் வீட்டிலும் இதே மஞ்சள். பட்டி மேலேயே இன்னொரு கோட் பெயிண்ட் அடித்தோம், ஒரு வாரத்தில் மறுபடி ஊறி வந்துவிட்டது. பணம் தண்டம். சுவரை முழுக்கக் காயவிட்டு, கறையின் மேல் ஆயில் பிரைமர் அடித்த பிறகுதான் நின்றது, தண்ணீரில் கலக்கிற பிரைமர் நிற்காது. அதற்கு முன்னால் மரத்தை அடைக்கணும், இல்லாவிட்டால் அடுத்த சாரலுக்கு மறுபடி ஒழுகும்.

பொட்டுக்காரி:
மறந்துபோச்சா, பிள்ளைகளுக்கு வைக்கிற வேங்கைப் பொட்டு இந்த மரத்துப் பால்தான். பட்டையில் கொத்தினால் ரத்தம் மாதிரி வடியும், காய்ந்தால் கறுப்பு. சீவலைத் தூரப் போடாதீங்க, சர்க்கரைக்கு ஊறவைத்துக் குடிப்பார்களே.

மலையோரம்:
அக்கா, கடைமரத்துச் சீவலைக் குடிக்கச் சொல்லாதீங்க. பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், வேண்டாம்.

சாரல்வீடு:
நாலு நாள் கழித்து வருகிறேன். நேற்று மத்தியானம் கொஞ்ச நேரம் வெயில் எட்டிப் பார்த்தது, தம்ளரை மொட்டைமாடிக்குக் கொண்டுபோனேன். அந்த நீலம் வந்தது! கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன், மண்ணெண்ணெய் விட்டீங்களா என்று முகர்ந்து பார்த்தார். எடைக்கு ஒரு துண்டை மளிகைக்கடைத் தராசில் வைத்தோம், மலையோரம் சொன்ன கணக்குக்குப் பக்கத்தில்தான் வருகிறது. மாமா மட்டும் இன்னும் நம்பவில்லை.

மரத்தை எப்படி அடைப்பது?

உளிச்சத்தம்:
அவசரப்படாதீங்க, ஈரத்தோடு அடைத்தால் பாலிஷ் உரியும். மழை ஓய்ந்து மூன்று வாரமாவது காயட்டும். கறுத்த இடத்தை ஆக்சாலிக் ஆசிட் கரைத்துத் துடைத்தால் வெளிறும், விஷம், கையுறை கட்டாயம், பிறகு நல்ல தண்ணீரில் கழுவணும். அதன்மேல் வெளிப்புறத்துக்கென்று விற்கிற பி.யு. (பாலியூரித்தேன்) பாலிஷ் மூன்று கோட். அவலரக்குப் பாலிஷ் உள்ளே அழகு, சாரலில் வெளுத்துவிடும். நிலைக்காலின் வெட்டுமுனைதான் முக்கியம், தண்ணீர் அங்கேதான் குடிக்கிறது, அடிக்கட்டையும் சுவரும் சேர்கிற இடுக்கில் சீலண்ட் விடுங்கள். இனி வருகிற கதவுக்கு, மாட்டுவதற்கு முன்னாலேயே ஆறு பக்கமும் அடித்துவிடுங்கள், அடிப்பக்கத்தை எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

சாரல்வீடு:
அண்ணே, கதவை நேற்றே மாட்டிவிட்டார்கள். நாளைக்குக் கழற்றச் சொல்கிறேன், ஆசாரி என்ன சொல்லப்போகிறாரோ.